சிறு கரு ஆர்என்ஏக்கள் மற்ற ஆர்என்ஏக்களோடு சோடி சேர்வது எப்படி? வன்னியில் கேட்கப்பட்ட கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பிரதியெடுத்தல், மொழிபெயர்ப்பு பாடங்கள் முடிந்த கையோடு பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் நிறைய இந்தச் சின்ன ஆர்என்ஏக்களைப் பற்றியவைதான். பெற்றோரும் கமக்காரரும் கேட்டவை சிலவும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். டிஎன்ஏயில் இருந்து ஆர்என்ஏ பிரதி வருகிறது, அதிலிருந்து புரதம் வருகிறது என்ற அளவு தெரிந்தால் போதும், தொடர்ந்து வாசிக்கலாம்.

சிறு கரு ஆர்என்ஏ என்றால் என்ன?

கலத்தின் கருவுக்குள் வேலை செய்கிற குட்டை ஆர்என்ஏ. இதை வைத்துக் கலம் புரதம் செய்வதில்லை. ஆர்என்ஏயாகவே பிறந்து, ஆர்என்ஏயாகவே வேலை பார்க்கிறது. முக்கியமானவை ஐந்து: யு1, யு2, யு4, யு5, யு6. ஆர்என்ஏயை எழுதும் ஏ, யு, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் யு, அதாவது யுரிடின், நிறைய இருந்ததால் இந்தப் பெயர் வந்தது. மனிதரில் யு1 இன் நீளம் 164 எழுத்துகள், யு6 இன் நீளம் நூற்றுச் சொச்சம். புரதம் செய்வதற்கான செய்தியைக் காவும் தூது ஆர்என்ஏ ஒன்று ஆயிரக்கணக்கான எழுத்து நீளம் என்பதை நினைத்தால் இவை எவ்வளவு சின்னவை என்று விளங்கும். ஆனால் எண்ணிக்கையில் குறைவில்லை. ஒரு மனிதக் கலத்தில் யு1 மட்டுமே பத்து இலட்சம் அளவில் இருக்கிறது.

இவை தனியாகத் திரிவதில்லை. ஒவ்வொன்றையும் சுற்றிப் புரதங்கள் இருக்கும். யு1, யு2, யு4, யு5 நான்கிலும் எஸ்எம் என்ற ஏழு புரதங்கள் ஒரு வளையம் போல் பூட்டியிருக்கும். யு6 இல் இருப்பது அதே சாயலுள்ள வேறொரு வளையம்.

அவை சேர்ந்து செய்யும் வேலை என்ன?

பரம்பரையலகில் இருந்து முதலில் வரும் பிரதி அப்படியே பயன்படாது. புரதத்துக்குரிய துண்டுகளுக்கு இடையில் வேண்டாத துண்டுகளும் கிடக்கும். வேண்டியவை எக்சோன், வேண்டாதவை இன்ட்ரோன். இன்ட்ரோனை வெட்டியெடுத்து எக்சோன்களை ஒட்டினால்தான் முதிர்ந்த தூது ஆர்என்ஏ கிடைக்கும். வெட்டி ஒட்டும் இந்தக் கூட்டமைப்புக்குப் பெயர் ஸ்பிளைசோசோம். மேலே சொன்ன ஐந்து ஆர்என்ஏக்களும் நூறுக்கு மேற்பட்ட புரதங்களும் சேர்ந்ததுதான் அது.

தசைக்குத் தேவையான டிஸ்ரோபின் என்ற புரதத்தின் பரம்பரையலகை எடுத்துக்கொள்ளுங்கள். அது இருபது இலட்சம் எழுத்துக்கு மேல் நீளம். அதில் 79 எக்சோன்கள். வெட்டி ஒட்டி முடிந்த பிறகு மிஞ்சுவது சுமார் 14,000 எழுத்துகள். மற்றதெல்லாம் இன்ட்ரோன். ஒரேயொரு இடத்தில் ஓர் எழுத்துத் தள்ளி வெட்டினாலும், அதற்குப் பிறகு மூன்று மூன்றாக வாசிக்கும் ஒழுங்கு குலைந்து புரதம் கெட்டுவிடும். இவ்வளவு துல்லியமான வேலையைக் கலம் குட்டை ஆர்என்ஏக்களை நம்பி விட்டிருக்கிறது. அதனால்தான் இவை பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

எங்கே வெட்ட வேண்டும் என்று யு1 எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சோடி சேர்ந்து பார்த்துத்தான். ஏயும் யுவும் சேரும், ஜியும் சியும் சேரும். டிஎன்ஏயின் இரு இழைகளுக்கும் உள்ள விதிதான், அங்கே யுவின் இடத்தில் தைமின் இருக்கும். யு1 இன் ஒரு முனையில் உள்ள ஒன்பது எழுத்துகள், எக்சோனின் கடைசி மூன்று எழுத்தோடும் இன்ட்ரோனின் முதல் ஆறு எழுத்தோடும் சோடி சேர்கின்றன. மிகச் சிறந்த பொருத்தம் சி-ஏ-ஜி, அதைத் தொடர்ந்து ஜி-யு-ஏ-ஏ-ஜி-யு. மனித இன்ட்ரோன்களில் ஏறத்தாழ எல்லாமே ஜி-யு என்று தொடங்குகின்றன.

இதை வாசித்து விட்டுவிடாமல் ஒரு கடதாசியில் எழுதிப் பாருங்கள். வகுப்பில் நான் கொடுப்பது பீற்றா குளோபினின் முதல் இன்ட்ரோன். குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினின் ஒரு பாகம்தான் பீற்றா குளோபின். வெட்டும் இடத்தைக் கோடு காட்டுகிறது:

சி – ஏ – ஜி | ஜி – யு – யு – ஜி – ஜி – யு

அதற்குக் கீழே யு1 ஐத் தலைகீழாக, முனை வலப்பக்கம் வரும்படி எழுதுங்கள்:

ஜி – யு – சி – சி – ஏ – யு – யு – சி – ஏ

இதில் நடுவில் உள்ள இரண்டு யுவும் சூடோயுரிடின் என்ற சற்று மாற்றப்பட்ட வடிவம். சோடி சேரும் விதத்தில் யுவைப் போலத்தான். இப்போது மேலும் கீழும் கோடு போடுங்கள். முதல் ஐந்தும் நன்றாகச் சேரும். ஆறாவது இடத்தில் யுவுக்கு எதிரே யு, சேராது. ஏழாவது ஜிக்கு எதிரே யு, அரைகுறைச் சேர்க்கை. கடைசி இரண்டும் சேரும். ஆக ஒன்பதில் ஏழு முழுச் சோடி, ஒன்று பலவீனம், ஒன்று இல்லை.

இந்த அளவு போதும், கலம் சரியான இடத்தில் வெட்டுகிறது. பிள்ளைகள் பலர் முழுப் பொருத்தம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. இந்தச் சேர்க்கை இறுக்கமாக இருக்கக்கூடாது என்றே கலம் வைத்திருக்கிறது. யு1 வந்த வேலை முடிந்ததும் விலகிப் போக வேண்டும். விலகாவிட்டால் அடுத்த கட்டம் தொடங்காது.

சோடி சேர்வதால்தான் நடக்கிறது என்று எப்படி உறுதியாகத் தெரியும்? தற்செயலான பொருத்தமாக இருக்கலாம் அல்லவா?

நல்ல கேள்வி. 1980 இல் ஜோன் ஸ்டைட்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் யு1 இன் முனை இன்ட்ரோனின் தொடக்கத்தோடு பொருந்துவதைக் காட்டினார்கள். அப்போது அது பொருத்தம் மட்டுமே, நிரூபணம் இல்லை.

1986 இல் யுவான் சுவாங், அலன் வீனர் இருவரும் அழகான ஒரு பரிசோதனை செய்தார்கள். இன்ட்ரோனின் தொடக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினார்கள். அந்த இடத்தில் வெட்டுவது கெட்டது. பிறகு அந்த மாற்றத்துக்குப் பொருந்தும்படி யு1 இலும் ஓர் எழுத்தை மாற்றிக் கலத்துக்குள் விட்டார்கள். வெட்டுவது திரும்பி வந்தது! இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்தால், அந்த இரண்டு எழுத்தும் ஒன்றையொன்று தொடுகின்றன என்பதைத் தவிர வேறு விளக்கம் சொல்ல முடியாது. எல்லா மாற்றத்துக்கும் இது பலிக்கவில்லை. சில இடங்களில் யு1 ஐச் சரிசெய்தும் வெட்டு திரும்பவில்லை. அந்தத் தோல்வியும் பயனுள்ள செய்திதான். அதே எழுத்துகளை யு1 க்குப் பிறகு இன்னொன்றும் வாசிக்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்த இன்னொன்று யு6 என்று பிறகு தெரிந்தது.

அப்ப மற்ற நான்கும் என்ன செய்கின்றன?

யு2 இன்ட்ரோனின் மறுபக்கத்துக்குக் கிட்ட, கிளைப்புள்ளி என்ற இடத்தில் சோடி சேர்கிறது. அங்கே ஓர் ஏ மட்டும் சோடி இல்லாமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சோடி கிடைக்காத அந்த எழுத்துத்தான் வெட்டைத் தொடக்குகிறது. துருத்தி நிற்கும் ஏ, இன்ட்ரோனின் தொடக்கத்தைத் தாக்கி அதோடு தன்னை இணைத்துக்கொள்ளும். இன்ட்ரோன் சுருக்குக் கயிறு மாதிரி ஒரு வளையமாகிவிடும். அடுத்து முதல் எக்சோனின் அறுந்த முனை, இரண்டாவது எக்சோனின் தொடக்கத்தைத் தாக்கும். எக்சோன்கள் ஒட்டும், வளையம் கழன்று போகும். இரண்டே தாக்கம்.

யு4, யு6 கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டும் உள்ளே வரும்போதே ஒன்றோடொன்று நீளமாக, இறுக்கமாகச் சோடி சேர்ந்து வருகின்றன. வெட்டும் ஆற்றல் யு6 இடம்தான் இருக்கிறது. அதை யு4 பிடித்து வைத்திருக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரைச் சிறுபோகக் கூட்டம் முடிவெடுக்கும் வரை மடைக் கதவு அடைத்து வைத்திருக்கிற மாதிரி. எல்லாம் சரியான இடத்தில் வந்து அமர்ந்த பிறகு, பிஆர்ஆர்2 என்ற புரதம் யு4 இழையை யு6 இல் இருந்து உரித்தெடுக்கிறது. யு4 வெளியேறுகிறது. விடுபட்ட யு6 இரண்டு பக்கமும் புதுச் சோடி பிடிக்கிறது. ஒரு பக்கம் யு1 விட்டுப்போன இன்ட்ரோன் தொடக்கம், மறுபக்கம் யு2. 1992 இல் ஹிட்டன் மதானியும் கிறிஸ்டின் கத்ரியும் யு2–யு6 சேர்க்கையை ஈஸ்டில், மேலே சொன்ன அதே ஈடுசெய்யும் முறையால் காட்டினார்கள்.

யு5 கொஞ்சம் வேறு. அதன் ஒரு வளைவு இரண்டு எக்சோன்களின் முனைகளையும் பிடித்து அருகருகே வைக்கிறது. முதல் எக்சோன் அறுந்த பிறகு மிதந்து போகாமல் நிற்பது இதனால்தான்.

மாணவர்கள் இதைப் பட்டியலாகப் பாடமாக்குவதைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது. எந்த ஆர்என்ஏ எதோடு சேர்கிறது என்பது பாதி விடைதான். எப்போது பிரிகிறது என்பது மற்றப் பாதி. ஒவ்வொரு பிரிவுக்கும் கலத்தின் சக்தி மூலக்கூறான ஏடிபி செலவாகிறது. ஈஸ்டில் இருந்து மனிதர் வரை இதற்கென்றே எட்டுப் புரதங்கள் இருக்கின்றன. கலம் இவ்வளவு சக்தியைச் செலவழிப்பது சேர்ப்பதற்கு அல்ல, பிரிப்பதற்கு. தவறான இடத்தில் சேர்ந்திருந்தால் முன்னேற விடாமல் கலைத்துவிடும் வாய்ப்பும் இந்த இடங்களில்தான் கிடைக்கிறது.

வெட்டுவது புரதமா, ஆர்என்ஏயா?

ஆர்என்ஏ. 2013 இல் இது உறுதியானது. தாக்கத்துக்குத் தேவையான இரண்டு மகனீசியம் அயன்களைப் பிடித்து வைத்திருப்பது யு6 என்று அந்த ஆண்டு காட்டினார்கள். 2015 இல் இருந்து உறைகுளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்கள் வரத் தொடங்கின. அவற்றிலும் நடுவில் ஆர்என்ஏ, சுற்றிலும் புரதம் என்றுதான் தெரிகிறது. எல்லா நொதியமும் புரதம் என்று எழுதுகிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஆர்என்ஏயும் ஊக்கியாக இருக்கலாம் என்பதற்கு 1989 இலேயே சிட்னி ஆல்ட்மனுக்கும் தோமஸ் செக்குக்கும் நோபல் பரிசு கிடைத்துவிட்டது.

நாங்கள் வயல் செய்கிறவர்கள். இதனால் எங்களுக்கு என்ன?

பரந்தன் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் கேட்டது இது. நேரடியான பதில் சோற்றுப் பானையிலேயே இருக்கிறது.

சோறு உதிரியாக வருமா, ஒட்டுமா என்பதைப் பெரும்பாலும் அரிசியின் மாப்பொருளில் உள்ள அமைலோசு தீர்மானிக்கிறது. அமைலோசு கூடினால் சோறு உதிரும், குறைந்தால் ஒட்டும். இலங்கை நெல்லினங்கள் பெரும்பாலும் அமைலோசு கூடியவை. யப்பானியர் சாப்பிடும் அரிசியில் குறைவு, அதனால்தான் அதைக் குச்சியால் எடுத்துச் சாப்பிட முடிகிறது. அமைலோசைச் செய்யும் நொதியத்துக்குரிய பரம்பரையலகுக்கு வக்ஸி என்று பெயர். இரண்டு வகை அரிசிக்கும் இதில் உள்ள முக்கிய வித்தியாசம் ஒரேயொரு எழுத்து. வக்ஸியின் முதல் இன்ட்ரோன் ஜி-யு என்று தொடங்க வேண்டும். யப்பானிய வகையில் அந்த ஜி யுவாக மாறி, யு-யு என்று தொடங்குகிறது.

இப்போது மேலே போட்ட கடதாசியை நினைத்துக்கொள்ளுங்கள். யு1 தேடுகிற எழுத்துகளில் மிக முக்கியமானது காணாமல் போய்விட்டது. அந்த இன்ட்ரோன் சரியாக வெட்டுப்படாமல் நிறையத் தங்கிவிடுகிறது. முதிர்ந்த தூது ஆர்என்ஏ குறைகிறது, நொதியம் குறைகிறது, அமைலோசும் குறைகிறது. புரதத்தின் எழுத்து ஒன்றும் மாறவில்லை. வெட்டும் இடம் மட்டும் கெட்டது. சோறு ஒட்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. இந்த வகை நெல்லில் மணி முற்றும் காலம் குளிராக இருந்தால் முதிர்ந்த தூது ஆர்என்ஏ கூடுகிறது, அமைலோசும் கூடுகிறது. ஒரே விதை, விளைந்த காலநிலையைப் பொறுத்துச் சோறு வேறுபடுவதற்கு இது ஒரு காரணம். பத்தலகொடை போன்ற நெல் ஆராய்ச்சி நிலையங்களில் புது இனங்களைத் தெரியும்போது அமைலோசைப் பார்ப்பார்கள். அந்த அளவுக்குப் பின்னால் நிற்பது இந்த எழுத்துத்தான்.

தலசீமியாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. ஈமோகுளோபின் போதாமல் வரும் பரம்பரைக் குருதி நோய்தான் தலசீமியா. தயவுசெய்து இந்தப் பதிலை முழுதாக வாசியுங்கள்.

இலங்கையில் பீற்றா தலசீமியாவுக்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று, நான் மேலே எழுதிய அதே பீற்றா குளோபின் இன்ட்ரோனில் ஐந்தாவது எழுத்து ஜியில் இருந்து சியாக மாறுவது. கடதாசியில் மாற்றிப் பாருங்கள். இன்ட்ரோனின் ஐந்தாம் எழுத்துக்கு எதிரே யு1 இல் இருப்பது சி. சியும் சியும் சேராது. ஏழு முழுச் சோடி ஆறாகிறது. அந்த ஒரு சோடி போனதும் யு1 தடுமாறுகிறது. பக்கத்தில் வெட்டும் இடம் போலத் தோன்றும் மூன்று இடங்கள் இருக்கின்றன. கலம் அங்கெல்லாம் வெட்டத் தொடங்குகிறது. பிழையான தூது ஆர்என்ஏ வருகிறது, பீற்றா குளோபின் போதாமல் போகிறது. இரண்டு பெற்றோரிடமும் இருந்து இது வந்த பிள்ளைக்குக் காலமெல்லாம் குருதி ஏற்ற வேண்டி வரும். முதலாவது ஜி ஏயாக மாறும் இன்னொரு விகாரமும் இலங்கையில் உண்டு. அதில் சரியான இடத்தில் வெட்டு நடப்பதே இல்லை.

ஈமோகுளோபின் ஈ என்ற வகை இதற்கு எதிர்மாறு. அதில் எக்சோனுக்குள் ஓர் எழுத்து மாறியதால், வெட்டக்கூடாத இடம் ஒன்று யு1 க்கு முன்னையதை விட நன்றாகப் பொருந்துகிறது. சேர்க்கை தவறான இடத்தில் இறுகிவிடுகிறது. அதனால் அங்கே ஒரு பகுதி வெட்டுப்படுகிறது.

இலங்கையில் தலசீமியா குருநாகல், அனுராதபுரம் பக்கம் அதிகம். வவுனியாவைத் தாண்டினால் அனுராதபுரம் மாவட்டம்தான், ஆகவே இது எங்களுக்கு எட்டாத விசயம் இல்லை. ஒரு பெற்றோரிடம் இருந்து மட்டும் இந்த மாற்றம் வந்தவர் காவி. காவியாக இருப்பவருக்கு நோய் இருக்காது, சிவப்பணுக்கள் சிறிதாக இருக்கும், அவ்வளவுதான். இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து விட்டுவிடுவதும் உண்டு. கல்யாணத்துக்கு முன் இரண்டு பேரும் குருதிப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. இருவரும் காவி என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் சாத்தியம் நான்கில் ஒன்று. சாதகப் பொருத்தம் பார்க்கும் வீடுகள் இதையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என் மகனுக்கு முதுகுநாண் தசைச் சிதைவு என்று சொல்கிறார்கள். இதுவும் இந்த ஆர்என்ஏ விசயமா?

ஓம். இந்த நோயில் எஸ்எம்என்1 என்ற பரம்பரையலகு வேலை செய்வதில்லை. எஸ்எம்என் புரதத்தின் வேலைகளில் ஒன்று, மேலே சொன்ன எஸ்எம் வளையத்தைச் சிறு கரு ஆர்என்ஏயில் பூட்டுவது. சிறு கரு ஆர்என்ஏக்கள் கருவில் பிறந்து, கருவுக்கு வெளியே உள்ள குழியவுருவுக்கு வந்து, வளையம் பூட்டி, திரும்பவும் கருவுக்குள் போகின்றன. யு6 மட்டும் அந்தப் பயணம் போவதில்லை.

இந்த நோயாளிகளிடம் எஸ்எம்என்2 என்ற ஏறத்தாழ அதேமாதிரிப் பரம்பரையலகும் இருக்கிறது. ஆனால் அதில் ஓர் எழுத்து மாறியிருப்பதால், ஏழாவது எக்சோனை ஸ்பிளைசோசோம் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறது. அந்த எக்சோனைச் சேர்க்க வைத்தால் புரதம் கிடைக்கும். இதற்கு இரண்டு மருந்துகள் வந்தன. 2016 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சென், பக்கத்து இன்ட்ரோனில் சோடி சேர்ந்து அங்குள்ள தடையை மறைக்கிறது. 2020 இல் அனுமதி பெற்ற ரிஸ்டிப்லாம் வாயால் குடிக்கும் மருந்து. அது அந்த எக்சோனின் முடிவில் யு1 சேரும் இடத்தைப் பலப்படுத்துகிறது. இரண்டு ஆர்என்ஏக்களுக்கு இடையிலுள்ள பலவீனமான சேர்க்கையை ஒரு சிறு மூலக்கூறு தாங்கிப் பிடிக்கிறது.

விலை மிக அதிகம். அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை சொல்ல மாட்டேன். ஆனால் நோயை உறுதிப்படுத்தும் பரிசோதனையைச் சீக்கிரம் செய்வது முக்கியம், ஏனென்றால் இந்த மருந்துகள் முந்திக் கொடுத்தால்தான் பலன் அதிகம். பிள்ளையைப் பார்க்கும் நரம்பியல் வைத்தியரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், இது யாருடைய பிழையும் இல்லை. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தால் இப்படிப்பட்ட நோய்களின் சாத்தியம் கூடும் என்பது உண்மை. ஆனால் சொந்தம் இல்லாத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் இது வருகிறது.

யு4 இல் பிழை வந்தால் என்ன ஆகும்?

2024 வரை இதற்கு மனிதரில் தெளிவான விடை இருக்கவில்லை. அந்த ஆண்டுதான் யு4 க்குரிய ஆர்என்யு4-2 என்ற பரம்பரையலகில் சிறு மாற்றங்கள் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது தெரிய வந்தது. அதிகம் காணப்படுவது ஓரெழுத்து கூடுதலாக நுழைவது. மாற்றங்கள் 18 எழுத்துக்குள் குவிந்திருக்கின்றன. அது யு4 உம் யு6 உம் சேரும் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களில் ஏறத்தாழ 0.4 வீதத்தினருக்கு இதுதான் காரணம் என்று கண்டார்கள். ஒரே பரம்பரையலகுக்கு இது மிகப் பெரிய பங்கு. இவ்வளவு காலம் ஏன் தெரியவில்லை? பரம்பரையலகுப் பரிசோதனைகள் பல புரதத்துக்குரிய பகுதிகளை மட்டும் வாசிக்கின்றன. யு4 புரதம் தராததால் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

வெட்டி ஒட்டுவதைத் தவிர வேறு வேலை உண்டா?

உண்டு. டிஎன்ஏயைச் சுற்றிவைக்கும் இசுத்தோன் புரதங்களின் தூது ஆர்என்ஏ எங்கே முடிய வேண்டும் என்பதை யு7 என்ற இன்னொரு சிறு ஆர்என்ஏ சோடி சேர்ந்து காட்டுகிறது. இதன் அடையாளம் காணும் எழுத்துகளை மாற்றி, டிஸ்ரோபினில் கெட்ட எக்சோனைத் தாண்ட வைக்கவும் ஆய்வாளர்கள் முயன்றிருக்கிறார்கள்.

யு1 க்கும் இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது. ஆர்என்ஏ இன்னும் பிரதியாகிக்கொண்டிருக்கும்போதே யு1 அதில் ஆங்காங்கே சேர்ந்து, முடிவதற்கு முன் அறுபட்டுப் போகாமல் காக்கிறது. 2010 இல் யு1 ஐத் தடுத்துப் பார்த்தபோது நீளமான பிரதிகள் பாதியிலேயே அறுந்தன. யு1 மற்றவற்றை விட ஏன் இவ்வளவு அதிகமாக இருக்கிறது என்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

சிறு கரு ஆர்என்ஏக்களையே வேறு குட்டை ஆர்என்ஏக்கள் சோடி சேர்ந்து திருத்துகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். யு1 இன் முனையில் உள்ள அந்த இரண்டு சூடோயுரிடின்களை எங்கே வைக்க வேண்டும் என்று வழிகாட்டுவதும் ஓர் ஆர்என்ஏதான்.

வைரசுகள் இதில் கை வைக்குமா?

வைக்கும். கொவிட் வைரசின் என்எஸ்பி16 என்ற புரதம் யு1, யு2 இரண்டிலும், தூது ஆர்என்ஏயோடு சோடி சேர வேண்டிய பகுதியிலேயே போய் ஒட்டுகிறது என்று 2020 இல் கண்டார்கள். அதனால் எங்கள் கலத்தின் வெட்டி ஒட்டும் வேலை குறைகிறது, வைரசை எதிர்க்கும் புரதங்களும் குறைகின்றன. குரங்குகளில் இருக்கும் ஒரு ஹேர்ப்பீசு வைரசு இன்னும் ஒரு படி மேலே போய், சிறு கரு ஆர்என்ஏ போன்ற ஒன்றைத் தானே செய்து, கலத்தின் மைக்ரோ ஆர்என்ஏ என்ற இன்னொரு குட்டை ஆர்என்ஏயோடு சோடி சேர்ந்து அதை அழிக்கிறது.

இதை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்த ஆர்என்ஏக்கள் இருப்பது 1960களிலேயே தெரியும், வேலைதான் தெரியாது. 1977 இல் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ரொபர்ட்ஸ் ஆகியோரின் ஆய்வுக்கூடங்கள் இன்ட்ரோன் இருப்பதைக் கண்டன. 1993 இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. இந்த ஆர்என்ஏக்களைப் பிடிக்க வழி காட்டியது லூபஸ் நோயாளிகளின் குருதி. லூபசில் உடல் தன் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே பிறபொருளெதிரி செய்கிறது. சிலரில் அது எஸ்எம் வளையத்துக்கு எதிரானது. மைக்கல் லேர்னர், ஜோன் ஸ்டைட்ஸ் இருவரும் 1979 இல் அந்தப் பிறபொருளெதிரியால் புரதத்தைப் பிடித்திழுத்தபோது யு1, யு2 எல்லாம் கூடவே வந்தன. எஸ்எம் பிறபொருளெதிரியை இன்றும் லூபசைக் கண்டறியப் பார்க்கிறார்கள்.

கலத்துக்குள் எந்த ஆர்என்ஏ எதோடு சேர்ந்திருக்கிறது என்று எப்படிப் பார்க்கிறார்கள்?

சோரலென் என்ற பொருளைக் கலத்துக்குள் விடுகிறார்கள். அது சோடி சேர்ந்த இழைகளுக்கு நடுவே புகுந்து நிற்கும். புற ஊதா ஒளி பட்டதும் இரண்டு இழைகளையும் பூட்டிவிடும். பிறகு ஆர்என்ஏயை வெளியே எடுத்து, பூட்டப்பட்ட துண்டுகளை ஒட்டி வரிசை வாசிக்கலாம். 2016 இல் இந்த அடிப்படையில் கலத்தில் உள்ள எல்லாச் சேர்க்கைகளையும் ஒரே தடவையில் வாசிக்கும் முறைகள் சில வெளிவந்தன. கணப்பொழுதில் வந்து பிரியும் சேர்க்கைகளைப் பிடிப்பதுதான் இன்னும் கடினம்.

பற்றீரியாவிலும் இருக்கிறதா?

ஸ்பிளைசோசோம் இல்லை. ஆனால் சில பற்றீரியாக்களில் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் இன்ட்ரோன்கள் உண்டு. அவற்றின் நடுப்பகுதி யு6 ஐ மிக ஒத்திருக்கிறது. அந்த வழியில்தான் எங்களுடையது வந்திருக்க வேண்டும்.

மைக்ரோ ஆர்என்ஏயும் இதுவும் ஒன்றா?

இல்லை. மைக்ரோ ஆர்என்ஏ இன்னும் குட்டை, சுமார் 22 எழுத்து. அது பெரும்பாலும் குழியவுருவில், முதிர்ந்த தூது ஆர்என்ஏயோடு சேர்ந்து அதை அடக்கும். தேடும்போது இன்னொரு குழப்பமும் வரும். சிறு கரு ஆர்என்ஏயை எஸ்என்ஆர்என்ஏ என்று சுருக்கி எழுதுவார்கள். தனிக் கருக்களின் ஆர்என்ஏயை வாசிக்கும் ஒரு முறைக்கும் இதே சுருக்கப் பெயர் இருக்கிறது. அது வேறு விசயம்.

வன்னியில் இருந்துகொண்டு இதை மேலே படிக்க முடியுமா?

முடியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. பல்கலைக்கழகம் போகும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆர்ஃபாம் என்ற தரவுத்தளம் இலவசம், கைபேசியிலேயே திறக்கும். அதில் யு1 க்கு ஆர்எஃப் 00003, யு2 க்கு ஆர்எஃப் 00004, யு6 க்கு ஆர்எஃப் 00026. யு1 ஐத் திறந்து, மனிதருடையதையும் தாவரம் ஒன்றினுடையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் எழுத்துகள் நிறைய மாறியிருக்கும். முனையில் உள்ள, இன்ட்ரோனைத் தேடுகிற எழுத்துகள் மாறியிருக்காது.